மறைசுவருக்கு மேற்கே

எங்கள் வீட்டுக்குள் எவனும் நேராக நடந்து வந்துவிட முடியாது. வாசல் தெற்குச் சுவரின் நடுவில் இல்லை, கிழக்கு மூலையில் ஒதுங்கி இருக்கிறது. உயரமான நிலைப்படியைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தால் மூக்குக்கு நேரே ஒரு சுவர் நிற்கும். அதுதான் மறைசுவர். அங்கே மேற்கே திரும்ப வேண்டும். சின்ன முன்முற்றத்தில் கொஞ்சம் நடந்து, பிறகு வடக்கே திரும்பி, மரத்தில் செதுக்கிய மொட்டுகள் தொங்கும் இரண்டாம் வாசலைக் கடந்தால்தான் உள்முற்றம். தெருவில் போகிறவன் கண் உள்ளே விழக்கூடாது என்று அப்படிக் கட்டினார்கள். இன்னொரு காரணமும் உண்டு. பேய்க்கு நேராக மட்டும்தான் போகத் தெரியும், திரும்பத் தெரியாது. மறைசுவரில் முட்டிக்கொண்டு வந்த வழியே போய்விடும்.

வாசலை ஒட்டின தெற்கு வரிசை அறை என்னுடையது. நான் மெங், கரிக்கடையில் வண்டி தள்ளுகிறவன். தெற்கு வரிசை வடக்கே பார்த்து இருப்பதால் சூரியன் என் அறையை எட்டிப் பார்த்ததே கிடையாது. அந்த நாளில் வேலைக்காரர்களும் வண்டிக்காரர்களும் தங்கின அறைகள் இவை. இப்போது நான் தங்குகிறேன், ஆக ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

முரசுக் கோபுரத்துக்கு மேற்கே விளக்குத்திரிச் சந்தில் இருக்கும் இந்த வீடு ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துக்கு இருந்தது. வடக்கு வீட்டில் பெரியவர்கள், கிழக்கு வீட்டில் மூத்த மகன், மேற்கு வீட்டில் இளையவன், நடுவில் வெறும் வானம். பிறகு அரசாங்கம் ஆளாளுக்கு ஒரு அறையைப் பிரித்துக் கொடுத்தது. நிலநடுக்கம் வந்த வருஷம் எல்லோரும் பயந்து முற்றத்தில் கொட்டகை போட்டார்கள். பயம் போய்விட்டது, கொட்டகை போகவில்லை. அவையெல்லாம் அடுப்படிகளாகிவிட்டன. இப்போது எதிரே ஒருவர் சட்டியோடு வந்தால் இன்னொருவர் பின்னாலேயே நடந்து வழிவிட வேண்டும்.

வடக்கு வீட்டின் நடு அறையில் தோங் அக்கா இருந்தாள். அந்தக் குடும்பத்து மருமகள். முழு வீட்டுக்கும் மருமகளாக வந்தவளுக்குக் கடைசியில் மிஞ்சியது அந்த ஒரு அறை. தெருக்கமிட்டித் தையல் பட்டறையில் பொத்தான் துளை தைத்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டாள். அதற்காக அவள் யாரையும் குறைசொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு ஒரே ஒரு குறைதான், அது கூரையில் இருந்தது.

உள்நாட்டுப் போரில் செம்படை நகரத்தை நெருங்கிக்கொண்டிருந்த இலையுதிர் காலத்தில் அவள் புருஷன் சாங்லிங் கூரைமேல் ஏறி முகட்டு ஓடுகளைப் பூசிக்கொண்டிருந்தாராம். கிழக்குக் கோடி வந்தபோது சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு வாங்கப் புறப்பட்டார். எங்கள் ஊரில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவருக்குக் கொழுக்கட்டை செய்து கொடுப்பதும், வந்து சேர்கிறவருக்கு நூடுல்ஸ் போடுவதும் வழக்கம். சந்து முனைவரை போகிறவனுக்கு யார் கொழுக்கட்டை பிடிப்பார்கள்? அக்கா அடுப்பைப் பார்த்தபடியே "சீக்கிரம் வாங்க" என்றாள். சந்து முனையில் தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்த சிப்பாய்கள் மூட்டை சுமக்க ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூட்டையோடு அவரும் கப்பலேறித் தைவானுக்குப் போய்விட்டார்.

நாற்பது வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கிழக்குக் கோடி ஒழுகியது. அக்கா கீழே ஒரு செம்புத் தாம்பாளத்தை வைப்பாள். வீட்டு வாரியத்து ஆட்கள் ஏணியோடு வந்தால், "மத்ததெல்லாம் பாருங்க தம்பி, அந்தக் கோடிய மட்டும் விட்டுடுங்க. அதுக்கு ஆள் இருக்கு" என்பாள். அவர்களுக்கும் வேலை மிச்சம், டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மேற்கு வீட்டு பாங் அண்ணிக்கு இது பொறுக்காது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கூட்டத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, வீட்டுக்குள் வந்தும் இறங்கவில்லை.

"அக்கா, சுண்ணாம்பு வாங்கப் போன மனுசன் இத்தனை வருஷத்துல காளவாயே கட்டியிருப்பார். நீங்க இன்னும் தாம்பாளம் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க."

"கட்டட்டுமே. வரும்போது வண்டி நிறையக் கொண்டு வருவார். உன் அடுப்படிக்கும் பூசிக்கலாம்."

"எனக்கு எதுக்கு? என் வீட்டுக்காரர் பூசாம ஓடிப்போகலையே, பூசிட்டுத்தானே செத்தார்."

இருவரும் சிரிப்பார்கள். எனக்குத்தான் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரியாமல் கரியை அடுக்கிக்கொண்டிருப்பேன்.

இந்த வருஷம் வசந்தத்தில் ஹாங்காங்கிலிருந்து வந்த ஒருவர் வாய்ச்செய்தி கொண்டுவந்தார். சாங்லிங் உயிரோடு இருக்கிறார், தைவானிலிருந்து வர இப்போது விடுகிறார்கள், இலை உதிர்வதற்குள் வந்துவிடுவார். அன்றைக்கு அக்கா முற்றத்தில் ஒவ்வொரு அடுப்படியாகப் போய்ச் சொன்னாள். சொன்ன வீட்டிலேயே மறந்துபோய் மறுபடியும் சொன்னாள்.

கோடை முழுக்க அவளுக்கு ஓயாத வேலை. ஜன்னலுக்குப் புதுக் காகிதம் ஒட்டினாள், கதவுக்கு எண்ணெய் போட்டாள். பாங் அண்ணியின் கரிக் கொட்டகை மறைசுவர்மேல் சாய்த்துக் கட்டியிருந்தது. அதைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அந்தச் சுவத்துல ஒரு மாதுளங்கிளை செதுக்கியிருக்கு. நுழைஞ்சதும் அவர் கண்ணுல அதுதான் படணும்."

"புருஷன் சுவத்தைப் பாக்க வர்றாரா, உங்களைப் பாக்க வர்றாரா?"

"என்னை என்னத்தைப் பாக்கப் போறார், அடையாளமா தெரியப் போகுது? சுவராவது அப்படியே இருக்கே."

"கரிய நான் எங்க கொண்டு போய் வைக்கிறது, உங்க கட்டிலுக்கு அடியிலயா? போங்கக்கா."

கொட்டகை நின்றது. இலையும் உதிர்ந்தது. அவர் வரவில்லை.

குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் வாங்கும் நாள் வந்தது. தெரு முனையில் லாரி லாரியாகக் கொட்டி விற்றார்கள். எங்கள் வீட்டார் எல்லோரும் வாங்கி, இடமில்லாமல் மறைசுவருக்கு முன்னாலேயே இடுப்பு உயரத்துக்கு அடுக்கிவைத்தோம். மத்தியானம் போல, நான் வாசலில் காய்ந்த மேல் இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் வந்து நின்றார். நல்ல கோட்டு, வெயிலில் கறுத்த முகம். நீலத் துணிப்பை ஒன்றை இரண்டு கையாலும் மார்போடு அணைத்திருந்தார்.

"தோங் வீடு இதுதானா?"

"இதுதான். உள்ளே வாங்க, காத்து அடிக்குது."

அவர் நிலைப்படியைப் பார்த்தார், காலை எடுத்து வைக்கவில்லை. "நான் தனியா வரலை தம்பி" என்றார். வாசலோரத்தில் முரசு மாதிரி செதுக்கி நிறுத்தின கல்முரசின்மேல் பையை மெதுவாக இறக்கி வைத்து, காற்றில் சாயாதபடி பக்கத்தில் கையை வைத்துக்கொண்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. உள்ளே போய், ஆள் வந்திருக்கு என்று மட்டும் சொல்லி அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையோடு வந்தாள். பெரியவரைப் பார்த்தாள், அது சாங்லிங் இல்லை என்று தெரிந்தது. பிறகு பையைப் பார்த்தாள். துணிக்குள் சாம்பல் ஜாடியின் விளிம்பு புடைத்துத் தெரிந்தது.

"நான் ஷான். ஒரே படையில இருந்தோம், கடைசி வரைக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு" என்றார் பெரியவர். "டிக்கெட்டெல்லாம் வாங்கியாச்சு அண்ணி. இருமல்னு ஆஸ்பத்திரிக்குப் போனான், கோடை முடியும்போது போய்ட்டான். என்னை வீட்ல கொண்டு சேத்துடுன்னான். நாளைக்கு மத்தியானம் நான் என் ஊர் ஷான்தோங்குக்கு ரயிலேறணும். அதுக்குள்ள அவனை உங்க கையில ஒப்படைக்கணும்."

அக்கா அழவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"வெளியே வச்சுப் பேசுறீங்களே, உள்ளே கூட்டிட்டு வாங்க" என்றாள். "நாளைக்குக் காலையில மலைக்குக் கொண்டு போய் மாமனார் சமாதி பக்கத்துல வச்சுடலாம். இன்னைக்கு ஒரு ராத்திரி அவர் தன் அறையில தூங்கட்டும். ஒரே ஒரு ராத்திரி."

அதற்குள் பாங் அண்ணி வந்துவிட்டாள். பையையும் பார்த்தாள், வாசல் கதவில் பாதி வெளுத்து ஒட்டியிருந்த அவள் மகன் கல்யாணத்துச் சிவப்புக் காகிதத்தையும் பார்த்தாள்.

"அக்கா, இருங்க. நான் சொல்றதைக் கேட்டு என்னை அறைஞ்சாலும் பரவாயில்லை. வெளியே செத்தவங்களை உள்ளே கொண்டு வரக்கூடாது."

அது அவள் கண்டுபிடித்த வழக்கமில்லை. அக்காவின் மாமியார் ஆஸ்பத்திரியில் இறந்தபோது, சொந்த வீட்டு வாசலுக்கு வெளியே சந்தில் பந்தல் போட்டுத்தான் கிடத்தினார்கள். பந்தல் கால் நட்டவனே நான்தான்.

"உங்க மனசு எனக்குத் தெரியாதா? ஆனா மேற்கு வீட்ல என் மருமக மாசமா இருக்கா. போன வருஷம் ஒண்ணு தங்காம போச்சு. அவ அழுதது இந்த முற்றத்துக்கே கேட்டுது. இதுவும் ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைப் போய்க் கேக்குறது?"

மேற்கு வீட்டு ஜன்னலிலிருந்து மருமகள் குரல் வந்தது. "எனக்கு ஒண்ணும் ஆகாது அத்தை."

"நீ வாய மூடு! அதை நீ சொல்லாதே, சொன்னா தலைகீழாயிடும். துப்பு, தரையில துப்பு!" என்று கத்தினாள் பாங் அண்ணி. கண்ணில் தண்ணீர் நின்றது.

அக்கா அந்த ஜன்னலைப் பார்த்தாள். "நீ சொல்றது சரிதான். பச்சைப் புள்ளை விஷயம்" என்றாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு முக்காலி, பிசைந்த மாவு, பலகை, உருட்டுக் கட்டை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலுக்கு வெளியே கல்முரசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து மாவைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"வந்தவருக்கு நூடுல்ஸ் போட வேண்டாமா? அவர் உள்ளே வர முடியலைன்னா நான் வெளியே வர்றேன். ராத்திரிக்கு ஒரு போர்வை போதும்."

"இந்தக் குளிர்லயா? உங்க வயசுக்கு விடியறதுக்குள்ள நீங்களும் கல்லாயிடுவீங்க!"

"நாப்பது வருஷம் உள்ளே இருந்துட்டேன். ஒரு ராத்திரி வெளியே இருந்தா என்ன?"

காற்று வடமேற்கிலிருந்து வந்தது. மாவில் மண் விழுந்தது. அக்கா ஊதிவிட்டுத் தேய்த்தாள், மறுபடி விழுந்தது, மறுபடி ஊதினாள். நான் எழுந்துபோய் என் கரி வண்டியை இழுத்துவந்து காற்று வரும் பக்கமாக நிறுத்தினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பாங் அண்ணி நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். போகவும் மாட்டேன் என்றாள், வழிவிடவும் மாட்டேன் என்றாள்.

அக்கா மாவைப் பார்த்தபடி கேட்டாள். "அங்க அவருக்கு யார் சமைச்சுப் போட்டா?"

ஷான் தயங்கினார். "ஒரு விதவைப் பொம்பளை கொஞ்ச காலம் கூட இருந்தா. அவளும் போய்ச் சேந்துட்டா. அப்புறம் அவனேதான். வாயில வைக்க முடியாது."

உருட்டுக் கட்டை நின்றது. பிறகு நகர்ந்தது. "நல்லது. சுடுதண்ணி வச்சுக் கொடுக்க ஒரு ஆளாவது இருந்துச்சே" என்றாள் அக்கா.

"அவளும் அவனோட பட்டது கொஞ்சமில்லை. எங்க குடியிருப்பு மூங்கிலும் மண்ணும் வச்சுக் கட்டினது, கதவைத் திறந்தா கட்டில். இவன் கதவுக்கு முன்னால ஒரு பலகைத் தட்டியை நட்டு வச்சான். மறைசுவராம்! அது இல்லாத வீட்ல எப்படித் தூங்குறதுன்னு கேப்பான். குடிச்சுட்டு வர்றவன் எல்லாம் அதுல முட்டிக்கிட்டுத் திட்டுவான். அந்தத் தட்டியில சாயம் பூசி ஏதோ கிளைகூட வரைஞ்சு வச்சிருந்தான். எங்களுக்கு அது பீர்க்கங்காய் மாதிரிதான் தெரிஞ்சுது."

"மாதுளை" என்றாள் அக்கா. "அவருக்கு வரையவே வராது."

"கடைசி மாசம் புத்தி தடுமாறிப் போச்சு அண்ணி. ஆஸ்பத்திரியில நடக்க வச்சா, எந்தக் கதவைத் தாண்டினாலும் உடனே இடது பக்கம் திரும்புவான்."

"மேற்கே" என்றாள் அக்கா. எங்கள் ஊரில் இடது வலது என்று யாரும் பேசுவதில்லை, உப்பு ஜாடியைக்கூட வடக்கே நகர்த்து என்றுதான் சொல்வோம்.

"ஆமா, அவனும் அப்படித்தான் சொல்வான். மேற்கே விடு, மேற்கே விடும்பான். அங்க சுவர்தான் இருக்கும், போய் இடிச்சுக்குவான். நெத்தியெல்லாம் வீங்கிக் கிடந்துச்சு. நர்சு பொண்ணுங்க கட்டிப்போட்டுப் பாத்தாங்க. அவிழ்த்துவிட்டா மறுபடி கதவு, மறுபடி மேற்கே."

அப்போதுதான் அக்கா அழுதாள். தேய்த்த மாவை மடித்து, அறுக்கக் கத்தியை எடுத்து, அறுக்க முடியாமல் அப்படியே வைத்திருந்தாள். அவள் அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"யோவ் பெரியவரே" என்றாள் பாங் அண்ணி. கண்டக்டர் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "சாகுற வரைக்குமா திரும்பினார்?"

"சாகுற அன்னைக்குக் காலையிலகூட."

"அப்ப அவர் எப்படிப் பேயாவார்? பேய்க்கு எங்க திரும்பத் தெரியும்?"

அவள் யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. தனக்குத்தானே ஒரு வழக்கை நடத்துகிறவள் மாதிரி ஜன்னலைப் பார்த்தாள், மறைசுவரைப் பார்த்தாள், பிறகு தலையை ஆட்டிக்கொண்டாள்.

"இந்த வீட்ல அவர் செத்ததை யாராவது பாத்தோமா? இல்லை. அவர் செத்ததா இந்த வாசலுக்கு யாராவது சொன்னாங்களா? இப்பத்தான் இந்தப் பெரியவர் சொல்றார், அவர் ஷான்தோங்காரர், அவங்க பேச்சுல பாதி எனக்குப் புரியறதே இல்லை. எனக்குத் தெரிஞ்சு அந்த மனுசன் சுண்ணாம்பு வாங்கப் போனார். லேட்டு, அவ்வளவுதான்." பிறகு குரல் திரும்ப வந்துவிட்டது. "டேய் தாச்சிங்! வெளியே வாடா! மெங், நீ என்ன மரம் மாதிரி நிக்கிறே? கோஸை எடுங்க, கரிய எடுங்க, அந்தக் கொட்டகையைப் பிரிங்க. வர்ற மனுசன் கண்ணுல கோஸா படணும்?"

"கரிய எங்க வைக்கிறது அண்ணி?" என்றேன்.

"உன் அறையில! அங்கதான் எப்பவும் இருட்டு, கரிக்கென்ன தெரியப் போகுது!"

அவள் மகன் தாச்சிங்கும் நானும் கொட்டகையைப் பிரித்தோம். கிழக்கு வீட்டார், வடக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வரிசையார் எல்லோரும் வந்து வரிசையாக நின்று கோஸைக் கைமாற்றினார்கள். கரித்தூள் பறந்து எல்லோர் மூஞ்சியும் ஒரே நிறமாகிவிட்டது. கடைசிக் கூடையை எடுத்ததும் பாங் அண்ணி ஈரத் துணியால் சுவரைத் துடைத்தாள். மாதுளங்கிளை இருந்தது. ஒரு பழம் வெடித்து, மணிகள் கூடத் தெரிந்தன.

அக்கா பையை எடுக்கக் குனிந்தாள். பாங் அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உள்ளே போங்க. வெளியூர் போன புருஷன் வரும்போது பொண்டாட்டி வீட்ல இருக்கணும். போய் அடுப்பைப் பாருங்க. பெரியவர் கூட்டிட்டு வருவார்."

அக்கா மாவுப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் இரண்டாம் வாசல் பக்கமாக ஒதுங்கி நின்றோம். பாங் அண்ணி முன்னால் நின்று, கடைசி நிறுத்தத்தில் ஆள் இறக்குகிற குரலில் கூப்பிட்டாள்.

"சாங்லிங் அண்ணே! சுண்ணாம்பு வாங்க இவ்வளவு நேரமா? நூடுல்ஸ் வேகுது, வாங்க!"

ஷான் பையை மார்போடு அணைத்து நிலைப்படியை மிதிக்காமல் தாண்டினார். மறைசுவருக்கு முன்னால் நின்றார். மாதுளையைப் பார்த்தார். அவர் அதற்கு முன் இந்த வீட்டுக்குள் வந்தவரில்லை, எந்தப் பக்கம் என்று நாங்கள் யாரும் சொல்லவுமில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவர் மேற்கே திரும்பிவிட்டார். முன்முற்றத்தில் நடந்தார், வடக்கே திரும்பினார், இரண்டாம் வாசலில் எங்களைக் கடந்தார், அடுப்படிகளுக்கு நடுவே அந்தக் கோணல் வழியில் எதிலும் இடிக்காமல் நடு அறை வரைக்கும் போனார்.

"பாத்தீங்கல்ல?" என்றாள் பாங் அண்ணி. "எல்லாரும் பாத்தீங்கல்ல? திரும்பிட்டார்." சொல்லிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்து, கரிக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அக்கா அறையில் மேஜைமேல், குடும்பத் தலைவர் உட்காரும் கிழக்குப் பக்கத்து நாற்காலிக்கு நேராக ஒரு கிண்ணம் வைத்தாள். மேலே வறுத்த பயற்று விழுது, பொடியாக நறுக்கிய வெள்ளரி. எங்களுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் வந்தது. கொஞ்சம் மண் நறநறத்தது, யாரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சாங்லிங்குக்குக் கொழுக்கட்டை வைத்துவிட்டு மலைக்குக் கொண்டுபோனோம். ஷானையும் கொழுக்கட்டை சாப்பிடவைத்து ரயிலேற்றினோம். வீடு திரும்பியதும் அக்கா கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மெங், மழை பெய்யறதுக்குள்ள அந்தக் கோடிய மூடணும். கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கிட்டு வர்றியா?"

"இதோ, சந்து முனைக்குத்தானே" என்று எழுந்தேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. என் சட்டைக் கையைப் பிடித்து முக்காலியில் உட்காரவைத்தாள். அடுப்பைக் கிளறினாள், காலையில் பிடித்து மிச்சம் வைத்திருந்த கொழுக்கட்டைகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். எனக்குப் பசியே இல்லை. அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால், கிண்ணத்தில் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தேன். அதற்கப்புறம்தான் என்னை வாசல் தாண்டவிட்டாள்.